இருபத்தொன்பது நிமிட இருட்டு

நாற்பத்தேழாயிரத்து முந்நூறு ரூபிள். சவேலி தெம்யானுக்குத் தர வேண்டிய பாக்கி அதுதான். பழைய கேமரா ஒன்று, அகலமாகப் பார்க்கும் லென்ஸ் ஒன்று, மூன்று பேட்டரி, ஒரு முக்காலி, எல்லாம் சேர்த்து எழுபதாயிரத்துக்குப் பேச்சு. ஒன்றரை வருஷமாகச் சம்பள நாளில் ஆயிரம், இரண்டாயிரம் என்று கொடுத்தது போக இவ்வளவு நின்றது.

ஊரே லூகிச் என்று கூப்பிடும் தெம்யான் முப்பது வருஷம் மீன்பிடிக் கப்பலில் இயந்திரம் பார்த்தவர். நார்வே துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுதாகி நின்றபோது ஆசைப்பட்டு வாங்கிய கேமரா அது. கண்ணில் புரை விழுந்த பிறகு, "எனக்கு இப்ப நிலாவே ரெண்டா தெரியுது, இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ண" என்று சவேலியிடம் தள்ளிவிட்டார்.

இருவர் வீட்டுக்கும் நடுவே எண்பத்து நான்கு படி. ரஷ்யாவின் வடகோடித் துறைமுகமான மூர்மன்ஸ்க் மேடும் பள்ளமுமான ஊர். மலைச்சரிவில் தட்டுத் தட்டாகக் குடியிருப்புகளை அடுக்கி, இடையிடையே சிமெண்டுப் படிக்கட்டைச் செருகியிருப்பார்கள். மேல் தட்டில் சவேலியின் ஒன்பது மாடிக் கட்டடம். கீழ்த் தட்டில் தெம்யானின் கட்டடம். சவேலி வேலைக்கு இறங்கும்போது தெம்யான் தன் கார்ப் பட்டறைக்கு ஏறுவார். பட்டறை என்பது பேருக்குத்தான். சவேலியின் கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் தகரக் கொட்டகைகளில் ஒன்று அது. அங்கே நாலு கிழவர்கள் உட்கார்ந்து சீட்டாடுவார்கள், கொஞ்சம் குடிப்பார்கள், நிறையப் பொய் சொல்வார்கள்.

"என்னடா கரிமூஞ்சி, என் கேமரா சௌக்கியமா?"

"சௌக்கியம் லூகிச்."

"நல்லா வெச்சுக்கோ. லென்ஸும் முக்காலியும் உன்னுது. பொட்டி இன்னும் என்னுதுதான். தும்மும்போது அந்தப் பக்கம் திரும்பித் தும்மு."

"அடுத்த மாசம் ரெண்டாயிரம் தரேன் லூகிச்."

"ஜனவரி எட்டாம் தேதி நானும் ரயீசாவும் தெற்கே கிளம்புறோம். வீட்டுக்கு முன்பணம் வாங்கியாச்சு. அதுக்கப்புறம் உன் ரெண்டாயிரத்தை வாங்க நான் ரெண்டாயிரம் கிலோமீட்டர் வரணுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அந்தச் சிரிப்பு இறங்கி வேலைத்தளம் வரைக்கும் சவேலியோடு கூடவே வரும். அவனுக்கு வயது ஐம்பத்தொன்று. துறைமுகத்தின் நிலக்கரித் தளத்தில் வேலை. கரி ஏற்றிய ரயில் பெட்டிகள் நாலாயிரம் கிலோமீட்டர் குளிரில் ஊர்ந்து வந்து சேரும்போது உள்ளே கரி ஒரே பாறையாக உறைந்திருக்கும். அதைக் கடப்பாரையால் குத்தி உடைப்பதுதான் அவன் பாடு. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் கண்ணிமையோரம் கருப்புப் போகாது. மனைவி லீதா இந்தக் கரியையும் இந்த ஊரையும் சேர்த்து விட்டுவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. மிச்சமிருந்தது வானம் ஒன்றுதான்.

அந்த வானத்தையும் ஊர் விட்டுவைக்கவில்லை. கார் இருக்கிறவன் நாற்பது கிலோமீட்டர் வெளியே போய், கும்மிருட்டில் முக்காலியை நட்டு, வானத்தில் பச்சையாக ஆடும் துருவ ஒளியைச் சாவகாசமாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். கார் இல்லாதவனுக்குப் பால்கனிதான். துறைமுகத்தில் இரவு முழுக்க எரியும் ராட்சத விளக்குகள், கப்பல் விளக்குகள், கடை விளக்குகள். போதாததற்கு வெளிச்சத்தையெல்லாம் வாங்கி மேலே திருப்பி எறிகிற பனி. நடுராத்திரியில் வெளியே நின்று ஊசியில் நூல் கோர்க்கலாம். முன்பு தெருவிளக்கு எல்லாம் ஆரஞ்சு நிறமாக இருந்தபோது ஒரு வழி இருந்தது. அந்த ஆரஞ்சை மட்டும் விழுங்கிக்கொள்கிற ஊதாக் கண்ணாடி வில்லை ஒன்றை லென்ஸ் முன்னால் மாட்டினால் பாதித் தொல்லை போகும். இரண்டு வருஷத்துக்கு முன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெள்ளை விளக்குப் போட்டார்கள். வெள்ளையை விழுங்க எந்தக் கண்ணாடியாலும் முடியாது. ஒரே படமாக நீளமாக எடுத்தால் வானம் பால் கொட்டின மாதிரி வெளுத்துவிடும். அதனால் நாலு நாலு நொடியாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இதைச் சவேலி யாரிடமும் கற்கவில்லை. நூறு இரவு கெடுத்துத்தான் கற்றான்.

அந்த வருஷம் ஒரு வாய்ப்பு வந்தது. ஊரில் உள்ள கப்பல் கம்பெனி ஒன்று புத்தாண்டு நாட்காட்டிக்கு அட்டைப்படம் கேட்டிருந்தது. ஊரும் துறைமுகமும் தெரிய வேண்டும். அதன் மேலே ஒளியும் ஆட வேண்டும். ஒரே இடத்தில் நின்று ஒரே இரவில் எடுத்ததாக இருக்க வேண்டும். வேறு ராத்திரி வானத்தை வெட்டி ஒட்டக் கூடாது. பரிசு அறுபதாயிரம். நவம்பர் இருபத்தெட்டு பகல் பன்னிரண்டு மணியோடு கெடு முடிகிறது.

அறுபதாயிரத்தில் வரி போனாலும் கடன் தீரும். ஜனவரி எட்டுக்குள் தெம்யானின் முகத்தைப் பார்த்துப் பணத்தை நீட்டலாம். சவேலிக்கு அதற்குமேல் ஆசை இல்லை. அந்த மாதம் முழுக்க அவன் தூங்கியதே குறைவு.

அவன் பால்கனியிலிருந்து எல்லாம் தெரியும். கீழே படிக்கட்டு, தெம்யானின் கட்டடம், அதைத் தாண்டித் துறைமுகம், விரிகுடா, எதிர்க்கரை மலை. ஒரே ஒரு முட்டுக்கட்டை, படிக்கட்டின் நடுவில் உயரமான கம்பத்தில் இருந்த விளக்கு. அது படத்தின் கீழ்மூலையில் வெள்ளையாகப் பொங்கிப் பாதி வானத்தைத் தின்றுவிடும். துறைமுக விளக்கை யாராலும் அணைக்க முடியாது. இந்த விளக்கை அணைக்கலாம். அதன் பொத்தான் சவேலியின் கட்டடத்துக் கீழ்வாசலில், தகரப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திறக்கும் முக்கோணச் சாவி எல்லார் வீட்டிலும் ஒன்று கிடக்கும்.

இதற்கு அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. வானம் நன்றாக ஆடினால் யாராவது இரண்டு கட்டடத்துக்கும் பொதுவான போன் குழுவில் எழுதுவார்கள்: 'படி விளக்கு, பத்து நிமிஷம்.' உடனே மேல் கட்டடத்திலிருந்து ஒருவர் படியின் தலைமாட்டிலும், கீழ்க் கட்டடத்திலிருந்து ஒருவர் கால்மாட்டிலும் டார்ச்சோடு போய் நிற்பார்கள். வருகிறவர்களை நிறுத்துவார்கள். அதன்பிறகுதான் விளக்கு அணையும். பத்து நிமிஷம் எல்லா ஜன்னலிலும் தலை தெரியும். பிறகு விளக்கு வந்துவிடும். கால்மாட்டில் பெரும்பாலும் நிற்பது தெம்யான்தான், கையில் சூடான தேநீர்க் குடுவையோடு.

"நில்லும்மா. பத்து நிமிஷம். கடவுளே மேல பெயிண்ட் அடிச்சிக்கிட்டிருக்காரு, கீழே நின்னு சொட்டு வாங்கிக்கோ" என்பார்.

இருபத்தேழாம் தேதி சாயங்காலம் முழுக்க மேகம். சவேலி போனில் வானிலையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்து, மேசையிலேயே தலை சாய்த்துவிட்டான். பன்னிரண்டே முக்காலுக்கு விழித்தபோது ஜன்னல் கண்ணாடி பச்சையாக இருந்தது. வெளியே மைனஸ் பத்தொன்பது. மேகம் ஒரு துணியைச் சுருட்டினது போல எதிர்க்கரைக்கு ஓடியிருந்தது. ஊர் வெளிச்சத்தையும் மீறி, வெறும் கண்ணுக்கே பச்சை தெரிந்தது. வருஷத்தில் இரண்டு மூன்று இரவுதான் அப்படி வரும்.

முக்காலியை நட்டான். கேமராவைப் பொருத்தினான். இரண்டு பேட்டரியை அக்குளில் செருகிக்கொண்டான். குளிரில் பேட்டரி செத்துவிடும். பிறகு போனை எடுத்துக் குழுவில் எழுதினான்: 'படி விளக்கு, பத்து நி'. அதோடு நிறுத்தினான்.

மணி ஒன்று. யார் எழுந்திருப்பார்கள்? எழுந்தாலும், உடுத்தி, பூட்ஸ் மாட்டி, இறங்கி வருவதற்குள் வானம் அடங்கிவிடும். அப்படியே வந்தாலும் தலைமாட்டில் ஒரு டார்ச்சும் கால்மாட்டில் ஒரு டார்ச்சும் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். ஜன்னல்களில் வேறு விளக்கு எரியும். இந்த நேரத்தில் படியில் எவன் நடக்கப் போகிறான்? பத்து நிமிஷம்தானே.

எழுதியதை அழித்தான். லிஃப்டில் இறங்கி, பெட்டியைத் திறந்து, பொத்தானைத் தட்டினான். சுவர்க்கடிகாரத்தில் ஒரு மணி ஆகி இரண்டு நிமிஷம். மேலே ஓடினான்.

கேமராவைத் தானே எடுத்துக்கொண்டே இருக்கும்படி வைத்துவிட்டு, கைகளை மார்பில் கட்டி நின்றான். பத்து நிமிஷத்தில் ஒளி வடக்கே ஒரு வில்லாகத்தான் நின்றது. நல்ல படம்தான். ஆனால் அட்டைக்குப் போதாது. ஒன்று பன்னிரண்டுக்கு அவன் கதவுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான். அந்த நேரம் பார்த்து அந்த வில் நடுவில் முறிந்தது. முறிந்த இடத்திலிருந்து பச்சைத் திரை திரையாக அவிழ்ந்து, ஓரத்தில் ரோஜா நிறத்தோடு, தலைக்கு மேலே சுழன்று, விரிகுடா முழுக்க இறங்கியது. தண்ணீரும் பச்சையாயிற்று. பாரந்தூக்கிகள் பச்சை வானத்தில் கருப்பாக நின்றன. சவேலிக்கு வாய் உலர்ந்துவிட்டது. கடப்பாரையும் கடனும் லீதாவும் ஒன்றும் ஞாபகமில்லை. தலையை நிமிர்த்தியவன் நிமிர்த்தியபடியே நின்றான். கீழே ஒரு நாய் குரைத்தது. அவன் குனியவில்லை.

எல்லாம் அடங்கியபோது பேட்டரியும் அடங்கியது. இறங்கிப்போய்ப் பொத்தானைத் தட்டினான். மணி ஒன்று முப்பத்தொன்று. வாசல் கதவுக் கண்ணாடியில் உறைபனி பூத்திருந்தது. அந்தப் பக்கம் விளக்கு வந்தது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அது போதும் என்று திரும்பினான்.

கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உள்ளே நீர் படியாமல் மெல்ல வெதுவெதுப்பாகும்படி ஒரு மணி நேரம் வைத்து, பிறகு உட்கார்ந்தான். முந்நூற்றைம்பது படம். அடுக்கினான். மூன்றரை மணிக்குத் திரையில் அவன் வாழ்க்கையிலேயே எடுத்த நல்ல படம் நின்றது. ஒரே ஒரு குறை. கீழ்மூலையில், படிக்கட்டின்மேல், ஊசியால் குத்தினது போல வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இறங்கின. பாதியில் நின்று, நின்ற இடத்தில் ஒரு தடித்த பொட்டாக ஆகியிருந்தது.

"எவனோ போன்ல வெளிச்சம் அடிச்சுக்கிட்டுப் போயிருக்கான், சனியன்" என்று முணுமுணுத்தான்.

சுற்றியிருந்த பனியின் நிறத்தை எடுத்து, ஒவ்வொரு புள்ளியாக மேலே தடவி அழித்தான். பொட்டைக் கடைசியாக அழித்தான். அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. படி சுத்தமாயிற்று. நாலு நாற்பதுக்குப் படத்தை அனுப்பிவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்தான்.

ஏழு மணிக்கு வேலைக்கு இறங்கியபோது படியின் நடுவில் ஐந்தாறு பேர் நின்றார்கள். பனி வாரும் ஆக்ஸானா மண்வாரியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"மூட்டை கிடக்குன்னு நெனச்சேன். மண்வாரியால தட்டினேன். ஐயோ, நான் தட்டினேனே!"

"யாரு?" என்றான் சவேலி.

"லூகிச். கீழ் வீட்டு லூகிச்."

படி வளைகிற இடத்தில், பனி குவித்துவைத்த மேட்டுக்குப் பின்னால் கிடந்தார். தலையில் அடி. கையில் கையுறை இல்லை. பக்கத்தில் போன் கிடந்தது. ஆம்புலன்ஸில் வந்த பெண், தன் கூட்டாளியிடம் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. சவேலி அருகில் நின்றதால் கேட்டது.

"அடியில போகல. குளிர்லதான். மூணு, நாலு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும்."

விசாரிக்க வந்த போலீஸ்காரன் இளவயது. கேட்ட கேள்வியும் சின்னது.

"விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. நான் வரும்போது எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றாள் ஆக்ஸானா.

"குடிச்சிருந்தாரா?"

சீட்டாட்டக் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். "ஒரு நூறு கிராம் ஓட்கா. நூத்தம்பது இருக்கும். அதுக்கு மேல இல்லீங்க. சாமான் கட்டுறேன்னு பட்டறையில தங்கிட்டாரு. நாங்க பதினோரு மணிக்கே போயிட்டோம்."

போலீஸ்காரன் எழுதிக்கொண்டான். சவேலி அன்று எப்படி வேலை செய்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஒரு பெட்டியை உடைத்து முடித்த பிறகும் வெறும் இரும்பைக் குத்திக்கொண்டிருந்தான் என்று மேஸ்திரி கத்தினார்.

ராத்திரி கம்ப்யூட்டரைத் திறந்தான். அடுக்கின படத்தைத் தொடாமல், அடுக்காத படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் மூலையில் மணியும் நொடியும் பதிந்திருக்கும். முதல் படத்திலிருந்து ஒன்று பதினாலு வரை படியில் ஒன்றுமில்லை. ஒன்று பதினைந்துக்கு மேல் படியில் ஒரு புள்ளி. அது நிதானமாக, ஒரு படத்துக்கு இரண்டு படி, சில சமயம் ஒரு படி என்று இறங்கியது. இரண்டு இடத்தில் அசையாமல் நின்றிருந்தது. அந்த நேரத்து வானத்தைச் சவேலி பார்த்தான். திரை அவிழ்ந்த நேரம். மனிதர் நின்று மேலே பார்த்திருக்கிறார். ஒன்று பதினேழில் புள்ளி ஒரு கோடாக இழுபட்டது. அடுத்த படத்தில் அது மேட்டுக்குப் பின்னால். அங்கே பனிக்குள்ளிருந்து மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருந்தது. சவேலி எண்ணினான். நூற்று முப்பத்து நாலு படம். கடைசியில் போன் பேட்டரி குளிரில் செத்து, ஒன்று இருபத்தெட்டுக்குப் புள்ளி அணைந்தது. அதற்கப்புறம் மூன்று நிமிஷம் கழித்துத்தான் அவன் விளக்கைப் போட்டிருக்கிறான். பத்து நிமிஷத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் காலை வைத்தபோது படியில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அவன் கம்ப்யூட்டரை மூடினான். பிறகு போலீஸ் நிலைய எண்ணைத் தேடி எடுத்து, அழுத்தாமல் வைத்துவிட்டான். மறுநாளும் அப்படியே.

அடக்கத்தன்று தெம்யானின் மனைவி ரயீசா அழவில்லை. கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கு அப்பத்தையும் பாயசச் சோற்றையும் எடுத்து வைத்தபடி ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"குடிச்சுட்டு வந்தாரு. விழுந்துட்டாரு. அவ்வளவுதான். குடிச்சுட்டு வந்தாரு, விழுந்துட்டாரு."

சவேலி ஓட்காக் கோப்பையைத் தொடவில்லை. தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். யாரோ முதுகில் தட்டி, "உனக்குக் கடன் குடுத்தவரு போயிட்டாரு. மனசுல இருந்து பாரம் இறங்குச்சா?" என்று சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொன்னது தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டிசம்பர் நடுவில் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குரலில் துள்ளல்.

"வாழ்த்துகள்! உங்க படம்தான் அட்டை. எல்லாரும் ஒரே வாயா உங்களுதுதான்னாங்க."

"அதைப் போடாதீங்க."

"என்னது?"

"வேண்டாம். அந்தப் படம் சரியில்லை. வேற யாரோடதாவது போடுங்க."

"ஐயா, அச்சே ஆயாச்சு. நாலாயிரம் பிரதி. கூச்சப்படாதீங்க, அருமையான படம். துளி குறை இல்லை."

சூரியனே எழாத அந்த இருண்ட மாதத்தின் மத்தியில் நாட்காட்டி ஊர் முழுக்கத் தொங்கியது. ரொட்டிக் கடையில், மருந்துக் கடையில், நிலக்கரித் தளத்தின் உடை மாற்றும் அறையில். கூட வேலை செய்கிறவர்கள் அவனைத் தோளில் தூக்காத குறை. "எங்க கரிமூஞ்சி எடுத்த படம்டா!" அவனுக்கோ வானம் கண்ணில் படுவதில்லை. எங்கே மாட்டியிருந்தாலும் அவன் பார்வை கீழ்மூலைக்குப் போய், தானே தடவிவைத்த அந்தச் சுத்தமான படியில் நிற்கும். வங்கிக் கணக்கில் ஐம்பத்திரண்டாயிரத்து இருநூறு வந்து விழுந்தது. அறுபதாயிரத்தில் வரி போக அவ்வளவு. அவன் அதைத் தொடவில்லை.

பொங்கிப் பொங்கி வந்த வார்த்தையை நாற்பதாம் நாள் வரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஜனவரி ஆறு நாற்பதாம் நாள், அங்கே இறந்தவர் நினைவாகச் சோறு போடும் நாள். எட்டாம் தேதி ரயீசாவுக்கு ரயில். இன்று சொல்லாவிட்டால் அவள் கணவனைக் குடிகாரன் என்றே நினைத்துக்கொண்டு தெற்கே போய், குடிகாரன் என்றே சொல்லிக்கொண்டு சாவாள். பணத்தை அஞ்சலில் அனுப்பலாம். மற்றதை அனுப்ப முடியாது.

விருந்தாளிகள் போன பிறகு சாயங்காலம் போனான். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். சமையலறைச் சுவரில் மட்டும் நாட்காட்டி தொங்கியது. அவன் அதைப் பார்த்ததை ரயீசா பார்த்தாள்.

"கடையில சும்மா குடுத்தாங்க. உட்காரு. சூப் இருக்கு."

"வேண்டாம் ரயீசா பெத்ரோவ்னா."

"இளைச்சுட்டே. கரி திங்குறியா, உடைக்கிறியா?"

அவன் உட்காரவில்லை. பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அன்னிக்கு ராத்திரி படி விளக்கை அணைச்சது நான்தான். குழுவுல எழுதல. ஆளும் நிறுத்தல. பத்து நிமிஷத்துல போட்டிருக்கணும். இருபத்தொன்பது நிமிஷம் வெச்சேன்." மடிக்கணினியைத் திறந்தான். "அவரு இறங்கினது இதுல பதிஞ்சிருக்கு. போன் வெளிச்சம். அந்தப் புள்ளி வரிசையை நான் அழிச்சுட்டேன், அவருன்னு தெரியாம. அழிச்சுக்கிட்டிருந்த நேரத்துல அவருக்கு உயிர் இருந்திருக்கு. குடிச்சதால விழல. இருட்டுனால விழுந்தாரு."

ரயீசா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். நாற்காலியை இழுத்துத் திரை முன்னால் உட்கார்ந்தாள்.

"காட்டு."

காட்டினான். அவள் கண்ணாடியை மூக்கில் சரித்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் "அடுத்தது" என்றாள். புள்ளி நின்ற இடத்தில் அவளும் நின்றாள்.

"இங்க ஏன் அசையல?"

"மேல பார்த்திருப்பாரு."

"புரை விழுந்த கண்ணை வெச்சுக்கிட்டா?"

"அன்னிக்கு வானம் அப்படி இருந்துச்சு."

"தெரியும்" என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை. அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

"நான் இந்த ஜன்னல்லதான் நின்னேன். ஒரு மணிக்கு விளக்கு போச்சு. சவேலி வேலைதான்னு நெனச்சேன். குழுவுல ஒண்ணும் வரலையேன்னும் நெனச்சேன். கத்தியிருக்கலாம். உனக்குப் போன் போட்டிருக்கலாம். வானம் அவிழ்ந்துச்சு பாரு, அப்ப டீயைக் கையில வெச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே நின்னுட்டேன். ஊரை விட்டுப் போறோம், கடைசியா ஒரு தடவைன்னு. ரெண்டு கண்ணும் மேல. அவரு இங்கே இருக்காரு." விரலால் திரையைத் தொட்டாள். மேட்டுக்கும் அவள் ஜன்னலுக்கும் இடையில் விரல் அகலம்தான் இருந்தது. "அப்புறம் படுத்துட்டேன். பட்டறையிலேயே தூங்கிட்டாருன்னு நெனச்சு."

"போலீஸ்காரன்கிட்ட..."

"விளக்கு அணைஞ்சுதுன்னு சொன்னா, நீ எங்கம்மா இருந்தேன்னு கேட்பானே. குடிச்சுட்டு வந்தாருன்னு சொன்னேன். அவர் பேரைக் கெடுத்து என்னைக் காப்பாத்திக்கிட்டேன்."

ரயீசா மறுபடி திரையைப் பார்த்தாள்.

"எத்தனை நிமிஷம் எரிஞ்சுது அந்தப் போன்?"

"பதினொண்ணு."

அவள் உதடு அசைந்தது. எண்ணினாளோ, வேறென்னவோ. பிறகு மடிக்கணினியை அவளே மூடினாள்.

"நாளைக்குக் காலையில போலீஸுக்குப் போ. நானும் வரேன். ரெண்டு பேரும் சொல்லுவோம். குடிச்சுட்டு விழுந்தாருன்னு எழுதினதை அவன் அடிக்கட்டும். அதுக்காக மன்னிச்சுட்டேன்னு சொல்வேன்னு நிக்காதே. எனக்கே யாரும் சொல்லல."

"அதுக்காக வரல."

"பின்னே?"

அவன் உறையை எடுத்து மேசையில் வைத்தான். ஏ.டி.எம்.மில் ஐந்நூறுக்குக் குறைந்த நோட்டு வரவில்லை. நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு. மிச்சத்தை நூலகத்துக்கோ கோயிலுக்கோ என்று நினைத்து எதற்கும் கொடுக்காமல் வைத்திருந்தான். ரயீசா உறையைப் பார்த்தாள். அது எந்தப் பணம் என்று கேட்கவில்லை. சுவரைப் பார்த்ததிலேயே அவளுக்குத் தெரிந்தது. எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள். நடுவில் தவறிவிட்டது. முதலிலிருந்து மறுபடி எண்ணினாள்.

"இருநூறு கூட இருக்கு."

"இருக்கட்டும் ரயீசா பெத்ரோவ்னா."

"இருக்கக் கூடாது. அவரு ஒரு ரூபிள் கூட வாங்க மாட்டாரு, ஒரு ரூபிள் விட மாட்டாரு."

எழுந்து போய்த் தன் கைப்பையைத் துழாவினாள். ஒரு நூறு ரூபிள் நோட்டும், பத்து ரூபிள் காசுகளும் கிடைத்தன. காசுகளை மேசையில் ஒவ்வொன்றாக நகர்த்தி, பத்து வந்ததும் நிறுத்தினாள். நோட்டையும் காசையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்கோ. கேமராப் பாக்கி தீர்ந்துச்சு."

சவேலி காசைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.